இளமையும் முதுமையும்: அடியார் வரலாறு காட்டும் உண்மை



கொங்கு நாட்டிலே நமது பெருந்துறைக்கு அணித்தாகச் சீனாபுரம் என்றோர் ஊர் உளது. நன்னூல் அருளிய பவணந்தி முனிவர் பிறந்த சனகாபுரம் இதுவே என்று கொங்குநாட்டார் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். அம்முனிவர் சமண நெறியில் நின்றவர். எனினும் தமிழ் கற்ற சைவர் யாவருக்கும் அவர் இலக்கண ஆசான். அந்நன்னூலின் பொதுப்பாயிரத்திலே, நூல் கற்பிக்கும் ஆசிரியனுக்கு வேண்டும் இயல்புகள் வரிசையாக எண்ணப்படுகின்றன. அருள் உண்டு, கலை பயின்ற தெளிவு உண்டு, சொல்வன்மை உண்டு, உலகியல் அறிவும் உண்டு. ஆனால் ஆசிரியன் இத்துணை ஆண்டு நிரம்பியவனாதல் வேண்டும் என்னும் விதி அங்கே காணப்படவில்லை. கற்பிக்கத் தகாதவர் இவர் எனக் கூறுமிடத்தும் சோம்பனும், சினத்தனும், உறங்குவோனும், செருக்கனும் விலக்கப்படுகின்றனரேயன்றி, ஆண்டு முதிர்ந்தவன் விலக்கப்படவில்லை. நம் அயலூர்ப் பெருமகனார் நூலில் உள்ள இக்குறிப்பு, இன்று நாம் ஆராயப் புகுந்த பொருளுக்கு நல்லதொரு வாயிலாகும்.

நம் இல்லங்களிலும் ஊர்ப்பொது மன்றங்களிலும் நாள்தோறும் வழங்கும் சொற்கள் இரண்டு. ஒன்று, 'சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்?' என்பது. மற்றொன்று, 'வயதாகிவிட்டது, இனி அவரால் என்ன ஆகும்?' என்பது. முதற்சொல் கேட்ட சிறுவன் வாய் மூடிக் கொள்கிறான். அவன் உள்ளத்தில் முளைத்த புதுமை அங்கேயே கருகுகின்றது. இரண்டாம் சொல் கேட்ட முதியவர் திண்ணையின் ஓரத்திலே ஒதுங்குகிறார். அவர் நாற்பதாண்டு ஈட்டிய அனுபவம் எவருக்கும் பயன்படாமற் போகின்றது. இரு சொல்லாலும் இழப்பவர் யார்? அவ்வீடும் அவ்வூருமே அன்றோ? ஆகவே, ஆக்கத் திறனுக்கும், அருஞ்செயல் முடித்தற்கும், நல்ல தீர்ப்புக் காண்டற்கும் வயது தடையா, துணையா என்னும் வினா வெறும் ஏட்டுவினா அன்று. வரலாற்றின் துணை கொண்டு இதனை ஆராய்வோம்.

நால்வர் அகவை

சமய குரவர் நால்வரின் ஆயுளைப் பற்றி நம்மிடையே வழங்கும் மரபு ஒன்று உண்டு. திருஞானசம்பந்தர்க்கு 16; சுந்தரர்க்கு 18; மாணிக்கவாசகர்க்கு 32; திருநாவுக்கரசர்க்கு 81. மாணிக்கவாசகர் குருவருள் பெற்ற திருப்பெருந்துறை, புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலாகும். பெயரொற்றுமை கொண்டு நமது கொங்குப் பெருந்துறையோடு அதனை மயங்குதல் வேண்டா. இந்நான்கு எண்களையும் ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு ஓருண்மை விளங்கும். நம் முன்னோர் ஒரு குழந்தையையும், இளைஞர் இருவரையும், ஒரு முதியவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே தீபாராதனை காட்டி வணங்கினர். அவ்வணக்கத்திலே வயது பற்றிய ஏற்றத்தாழ்வு இல்லை.

திருமுறைகளை வகுத்த முறையும் இதனையே காட்டும். முதல் மூன்று திருமுறைகள் சம்பந்தப் பிள்ளையார் அருளியவை. அடுத்த மூன்று திருமுறைகள் அப்பரடிகள் அருளியவை. மூன்று வயதிலே சீகாழிக் குளக்கரையில் பாடத் தொடங்கிப் பதினாறாம் வயதிலே நல்லூர்ப் பெருமணத்தில் சோதியிற் கலந்தவருக்கு மூன்று திருமுறை. நெடுங்காலம் பிறிதொரு நெறியிலே நின்று, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பூண்டு, பின்னரே சூலை நோயின் வாயிலாகத் திருவதிகைக்கு மீண்டு பாடத் தொடங்கியவருக்கும் மூன்று திருமுறை. இன்று நமக்குக் கிடைத்துள்ள அளவிலே இருவர் பதிகங்களும் தனித்தனி முந்நூற்றுக்கு மேற்பட்டன. இருவரும் ஏழாம் நூற்றாண்டினர் என்பது வரலாற்றாசிரியர் துணிபு. ஒரே காலம், ஒரே நாடு, ஒரே பொருள். பாடியவர் வயது மட்டும் பெரிதும் வேறு. வயதின் இயல்பை அளந்தறிய இதனினும் ஏற்ற சான்று வேறெங்குக் கிடைக்கும்?

அளவில் ஒத்த இவ்விரு பகுதிகளும் சுவையில் ஒத்தன அல்ல. பிள்ளையார் பாடலிலே ஐயமில்லாத உறுதி பொங்கும். தலத்தின் சோலையும் நீரும் மலரும் புதுக்கண்ணாற் கண்டவாறே ஒளிரும். பதிகத்தின் நிறைவிலே தம் பெயரைத் தலைநிமிர்ந்து பொறிப்பார். அப்பரடிகள் பாடலிலோ கழிந்த நாளை எண்ணிய இரக்கம் உண்டு. உடலின் தளர்ச்சியை அறிந்த அறிவு உண்டு. உழவும் ஓடமும் போன்ற வாழ்வின் பொருள்களை உவமையாக்கும் பழக்கம் உண்டு. இளமை, கண்டதைப் பாடிற்று. முதுமை, பட்டதைப் பாடிற்று. இவற்றுள் ஒன்றை நீக்கினால் தேவாரம் பாதியாகும்.

மறைக்காட்டு வாயிலும் மதுரைப் பயணமும்

இவ்விருவரும் ஒருங்கு நின்ற மூன்று நிகழ்ச்சிகளைச் சேக்கிழார் பெருமான் நமக்கு அருளியுள்ளார். முதலாவது திருமறைக்காட்டிலே நிகழ்ந்தது. வேதங்கள் பூசித்து அடைத்த திருக்கதவம் திறக்க வேண்டி அப்பர் பாடினார். பதிகம் நிறைவுறுங்காறும் கதவம் திறக்கவில்லை. பின்னர் அதனை அடைக்கப் பிள்ளையார் பாடினார். முதற்பாட்டிலேயே அடைத்துக் கொண்டது. முதியவர் உள்ளம் வருந்தியது. அவ்வருத்தம் பொறாமையாக மாறவில்லை என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது. தமக்குத் தாமதமாகவும் பிள்ளைக்கு விரைவாகவும் கிட்டிய அருளின் காரணம் யாதென்று தம்மையே அவர் வினவிக் கொண்டார். பிள்ளையின் விரைவைக் குறை கூறினாரல்லர்.

இரண்டாவது, மதுரைப் பயணம். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைத்தபோது பிள்ளையார் புறப்பட எழுந்தார். அப்பரடிகள் தடுத்தார். தாம் முன்பு பட்ட துன்பங்களை எண்ணி, எதிர்ப்பாளர் செய்யத் துணிவன யாவை என்பதை உணர்ந்து, நாளும் கோளும் நன்றாக இல்லை என்றும் உரைத்தார். பிள்ளையார் கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டார். இந்நிகழ்ச்சியைச் சொல்லும் பலர், முதியவர் அஞ்சினார், இளையவர் அஞ்சவில்லை என்று கூறி முடித்து விடுவர். அவ்வாறு முடித்தல் பொருந்துமா? மதுரையிலே பிள்ளையார் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்பட்டது என்று அப்புராணமே கூறுகின்றது. எனவே அப்பர் கண்ட அபாயம் உண்மையான அபாயமே; அவர் மதிப்பீடு சிறிதும் பிழைபடவில்லை. பிள்ளையார் துணிந்த துணிவும் பிழைபடவில்லை. பாண்டி நாடு அவரால் திருநீற்று நெறிக்கு மீண்டது. முதியவர் வழியிலுள்ள முள்ளைக் கண்டார். இளையவர் வழியின் முடிவைக் கண்டார். முள்ளை அறியாத பயணம் ஆபத்து. முடிவை அறியாத எச்சரிக்கை முடக்கம். பிள்ளையாரும் முதியவரின் சொல்லை எள்ளி நகையாடாது, அச்சொல்லுக்கு விடையாகவே அப்பதிகத்தை அருளினார். முதியவரின் எச்சரிக்கை இல்லையேல், இன்று நாம் நாள்தோறும் ஓதும் கோளறு பதிகமும் இல்லை.

மூன்றாவது நிகழ்ச்சி திருப்பூந்துருத்தியிலே. மதுரையிலிருந்து வெற்றியோடு மீண்ட பிள்ளையாரின் முத்துச் சிவிகையை, கூட்டத்தினுள்ளே மறைந்து நின்று, அப்பரடிகள் தம் தோள்மேல் தாங்கினார். 'அப்பர் எங்குற்றார்?' என்று பிள்ளையார் வினவ, தாம் சிவிகை தாங்கி வரும் பேறு பெற்றமையை அவர் கீழிருந்து கூறினார். பிள்ளையார் பதைத்துக் கீழிறங்கி வணங்கினார். இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும். தாம் வேண்டாம் என்று தடுத்த செயல் வெற்றி பெற்றபோது, தடுத்தவரே வந்து அவ்வெற்றியைச் சுமக்கிறார். வென்றவரோ, தடுத்தவர் காலில் விழுகிறார். நமது குடும்பங்களிலும் கோயிற் குழுக்களிலும் இவ்வொரு காட்சி மட்டும் பழக்கத்துக்கு வருமாயின், தலைமுறைப் பிணக்குகள் எத்தனை தீரும்!

அப்பரடிகளின் முதுமை தளர்ந்த முதுமை அன்று. கயிலை காணப் புறப்பட்டு, கால் தேய்ந்த பின் மார்பினால் உந்திச் சென்ற உறுதி அவருடையது. இறுதி நாளிலே திருப்புகலூரில் உழவாரப் பணி செய்யுங்கால், பொன்னும் நவமணியும் மண்ணிலே கிடக்கக் கண்டு, பருக்கைக் கல்லோடு அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார். எது பொருள், எது பொருளன்று என்று தெளியும் அறிவே தீர்ப்புக்களுள் தலையாய தீர்ப்பு. அதனை அவர் எண்பது கடந்த வயதிலே காட்டினார்.

கொங்கு நாட்டுச் சான்றுகள்

நம் கொங்கு நாட்டுத் தலங்களுக்கு வருவோம். திருவிழாத் தொடக்கத்திலே தீர்த்தக்குடம் எடுக்கக் கொடுமுடிக் காவிரிக்குச் செல்லும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு. அக்கொடுமுடியை மூவரும் பாடியுள்ளனர். பதினாறும் பதினெட்டும் எண்பத்தொன்றும் ஒரே ஆற்றங்கரையிலே ஒரே இறைவனைப் பாடிய தலம் அது. திருச்செங்கோட்டிலே பனிக்காலத்து நளிர்சுரம் அடியார் கூட்டத்தைப் பற்றியபோது, அக்கூட்டத்தில் வயதால் மூத்தோர் பலர் இருப்பவும், திருநீலகண்டப் பதிகம் பாடி நோய் தீர்க்கும் பொறுப்பை ஏற்றவர் பிள்ளையாரே. இளமை என்பது பொறுப்பை ஏற்கத் தகாத பருவம் என்று கருதுவோர் இதனை நினைவு கூர்தல் நன்று.

அவிநாசியிலே நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. ஐந்து வயதுச் சிறுவர் இருவர் மடுவிலே குளிக்கச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. சில ஆண்டுகள் கழிந்து, பிழைத்தவனுக்கு உபநயன மங்கலம் நிகழும் வீட்டுக்கு எதிர் வீட்டிலே, இழந்த தாய் தந்தையர் அழுதனர். அவ்வழியே வந்த சுந்தரர் பதிகம் பாட, முதலை சிறுவனை உமிழ்ந்தது. அவனும் இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடே வெளிப்பட்டான் என்பர். கழிந்த ஆண்டுகளும் அவனுக்கு மீட்டளிக்கப்பட்டன என்பதே இதன் சிறப்பு. எத்தனையோ இளைஞரின் ஆண்டுகளை வறுமையும், வாய்ப்பின்மையும், பெரியோரின் அலட்சியமும் முதலை போல் விழுங்கி விடுகின்றன. அவ்வாண்டுகளை மீட்டுத் தரும் ஒரு சொல்லைக் கூறவல்ல பெரியோர் ஊர்தோறும் வேண்டும்.

ஈரோட்டிலே பிறந்த ஒரு குழந்தையின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகும். கணித மேதை சீனிவாச இராமானுசன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தம் தாய்வழிப் பாட்டியார் இல்லத்திலே, ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்திலே வளர்ந்தார். கணிதம் ஒன்றையே கருதிப் பிற பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரித் தேர்வுகளில் தவறினார். சென்னைத் துறைமுகக் கழகத்திலே எழுத்தராக அமர்ந்தார். 1913ஆம் ஆண்டு சனவரியிலே, 25 வயதில், கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். வேறு அறிஞர் சிலர்க்கும் எழுதியிருந்தும் பயன் கிட்டவில்லை. ஹார்டி மட்டும் அத்தாள்களைத் தள்ளி விடாது, லிட்டில்வுட் என்னும் துணைவரோடு அமர்ந்து ஆய்ந்து, எழுதியவர் பெருமேதை என்று துணிந்தார். 1918இல் இராமானுசன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதிலே மறைந்தார். அவ்வாண்டு சனவரியிலும், நோய்ப்படுக்கையிலிருந்து, புதிய வகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். இளமையின் ஆக்கத் திறனுக்கு இவர் ஒப்பற்ற சான்று. ஆயினும், அத்திறனைக் கண்டறிந்த மூத்தவர் ஒருவர் இல்லையேல் அது உலகுக்கு எட்டியிராது. அந்த ஹார்டியே 1940இல், தம் 63ஆம் வயதில் எழுதிய நூலிலே, கணிதம் இளைஞர்க்கே உரிய துறை என்று துயரத்தோடு கூறினார்.

இனி, கோயம்புத்தூருக்குச் செல்வோம். சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் 1878ஆம் ஆண்டிலே அந்நகரில் தோன்றியவர், வழக்கறிஞர், வ. உ. சிதம்பரம் பிள்ளை கோவைச் சிறையில் வாடியபோது அவருக்கு உதவிய அன்பர். நாலாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெரியபுராணத்துக்குப் பேருரை வரையும் பணியை, ஐம்பது வயதைக் கடந்த பின்னரே, 1930களில் அவர் மேற்கொண்டார். 1950களில், எழுபது கடந்த வயதிலே, அது ஏழு தொகுதிகளாக நிறைவுற்றது. சொற்பொருள் கூறியதோடு அமையாது, ஒவ்வொரு தலத்தைப் பற்றியும், எவ்வழியே எத்தனை நாழிகை சென்று அடையத்தக்கது என்பதையும் அவ்வுரையிலே குறித்தார். இத்தகைய உரையை இருபது வயதினர் எழுதுதல் இயலுமா? வழக்கு மன்றத்திலே சான்றுகளை எடைபோட்டுப் பழகிய கண்ணும், தலந்தோறும் நடந்த காலும், பல்லாண்டு ஓதிய நாவும் ஒருங்கு கூடினாலன்றி அது இயலாது. அவர் 1961ஆம் ஆண்டிலே இறைவனடி சேர்ந்தார். அவர் உரை இன்றும் நம் கையிலே உள்ளது.

டாக்டர் உ. வே. சாமிநாதையரையும் இங்கு நினைத்தல் தகும். இராமானுசன் பிறந்த அதே 1887ஆம் ஆண்டிலே, 32 வயதில், சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தார். தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியதோ 1940இல், 85ஆம் வயதை எட்டும் பருவத்திலே. இளமையிற் செய்த செயலுக்கு முதுமை உரை வகுத்தது எனலாம்.

ஆய்வாளர் கூற்று

மேலைநாட்டு உளவியலாரும் இவ்வினாவை ஆராய்ந்துள்ளனர். ஹார்வி லேமன் என்னும் அமெரிக்கர், வயதும் சாதனையும் பற்றி 1953இல் வெளியிட்ட நூலிலே, பல துறைகளில் சிறந்த ஆக்கங்கள் முப்பதையொட்டிய ஆண்டுகளில் மிகுந்துள்ளன என்றும், துறைக்குத் துறை அவ்வயது வேறுபடும் என்றும் காட்டினார். 1963இல் ரேமண்ட் கேட்டல் என்பார், புதிய சிக்கலை விரைந்து அவிழ்க்கும் திறன் வேறு, கற்றும் பட்டும் திரண்ட அறிவு வேறு என்று பிரித்துரைத்தார். முன்னையது இளமையில் உயர்ந்து பின் குறையும், பின்னையது நெடுங்காலம் நிலைத்து வளரும் என்பது அவர் வழி வந்தோர் கொள்கை. 2016இல் வெளியான ஆய்வொன்று விஞ்ஞானிகளின் கட்டுரைகளை வரிசைப்படுத்தி நோக்கி, ஒருவரது மிகச் சிறந்த கட்டுரை அவர் எழுதியவற்றுள் முதலாவதாகவும் இருக்கலாம், இறுதியாகவும் இருக்கலாம் என்று கண்டது. இளமையிலே சிறந்தவை மிகுவதற்குக் காரணம், இளமையிலே மிகுதியாக முயல்வதேயாம். இதனால் நாம் பெறும் படிப்பினை தெளிவு: முயற்சியை நிறுத்தாதவனுக்கு வாசல் அடைபடுவதில்லை.

தீர்ப்பும் வயதும்

நல்ல தீர்ப்பு நரையோடு தானே வரும் என்று எண்ணுவதும் தவறு. கரிகாற்சோழன் இளையனாயிருந்த காலத்தே, வழக்குரைக்க வந்த முதியோர் அவன் இளமை கண்டு ஐயுற்றனராம். அவன் வெகுளவில்லை, நரைமுடி தரித்து முதியவன் போல் வந்தமர்ந்து, இரு திறத்தாரும் வியக்க முறை வழங்கினான். இளைஞனுக்கும் நீதி தெரியும் என்பது ஒன்று. முதுமையை மதிக்கும் மக்கள் மனத்தை அவன் புண்படுத்தவில்லை என்பது மற்றொன்று. இதற்கு மறுதலையாக, கௌரவர் அவையை நோக்குக. பாஞ்சாலிக்குக் கொடுமை இழைக்கப்பட்ட அன்று, அங்கே நரைத்த தலைகளுக்குக் குறைவில்லை. கற்றறிந்த பீடுமரும் துரோணரும் இருந்தனர். விதுரரை ஒழிய, எழுந்து நீதி பேசியவன் துரியோதனன் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணனே. சோற்றுக் கடனும் அச்சமும் பற்றுதலும் நாவைக் கட்டுமாயின், அனுபவம் பெருகியும் பயன் தராது. வயது அறிவுக்கு உரிய பொருளைச் சேர்த்துக் கொடுக்கும். அதனைத் தீர்ப்பாக்குவது உள்ளத்தின் நடுவுநிலைமை.

ஆகவே, மெய்யன்பர்களே, வரலாறு நமக்குக் கூறுவது இது. இளமைக்கு விரைவும் துணிவும் புதுக்கண்ணும் உண்டு. முதுமைக்கு நினைவும் எச்சரிக்கையும் எடைபோடும் ஆற்றலும் உண்டு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. நம் திருக்கோயில்களிலே தேவாரம் ஓதும் சிறுவர் சிறுமியரை முன்வரிசையில் அமர்த்துவோம். அறுபதாம் வயதிலே திருமுறை கற்க வரும் அன்பரை 'இனி எதற்கு?' என்று வினவாது ஏட்டைக் கொடுப்போம். திருப்பணிக் கூட்டங்களிலே இளைஞர் ஒரு புது வழி கூறின், அதனை முழுதும் கேட்ட பின்னரே மறுப்போம். முதியவர் ஓர் அபாயம் கூறின், அதற்கு விடை கண்ட பின்னரே செயலில் இறங்குவோம். அப்பரைப் போலத் தடுக்கவும், தடுத்தது வென்றால் தோள் கொடுக்கவும் முதியோர் பழகுக. பிள்ளையாரைப் போலத் துணியவும், துணிந்து வென்றபின் கீழிறங்கி வணங்கவும் இளையோர் பழகுக. மூப்பும் பிறப்பும் இல்லாத பெருமான் நம் இரு திறத்தார்க்கும் அருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.